கிடுகும் தறப்பாளும்: வடமராட்சியில் மழையும் தற்காலிகக் கூரையும்

யாழ்ப்பாணத்துக் கட்டடங்களைப் பற்றி எழுதப் புகுந்தோர் கோயில்களையும் கோட்டையையும் நாற்சார் வீடுகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஓரிரு நாள் நின்று பின்னர் பிரித்தெடுக்கப்படும் பந்தலைப் பற்றி எழுத முற்பட்டோர் மிகச் சிலரே. கல் எஞ்சி நிற்கும்; ஓலை எஞ்சுவதில்லை. எஞ்சியவற்றைக் கொண்டே வரலாறு எழுதப்படும் நிலையில், எஞ்சாதவற்றை அமைத்தவர்களும் வரலாற்றில் இடம்பெறாது போயினர். ஆயினும் குடாநாட்டு மக்களது வாழ்வில் திருமணமும் இழவும் திருவிழாவும் பந்தலின் கீழேயே நிகழ்ந்தன. அண்மைக்கால வரலாற்றில், 1995 இலும் 2004 இலும் 2009 இலும், வீடிழந்த மக்களுக்குக் கூரையென்று இருந்தது நான்கு மூலையிலும் கயிறிட்டுக் கட்டிய ஒரு விரிப்பே. ஆகவே தற்காலிகக் கூரை மழையை எவ்வாறு எதிர்கொண்டது, அதற்குரிய அறிவு எவரிடம் இருந்தது, அவ்வறிவுக்குச் சமூகம் அளித்த மதிப்பு யாது என்னும் வினாக்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. இக்கட்டுரையாளரின் ஊராகிய கரவெட்டியையும் அதனைச் சூழ்ந்த வடமராட்சியையும் களமாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

முதலில் மழை. யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையான மழையைப் பெறுகின்றது. இதனைக் கேட்குமிடத்துப் பெரிய தொகையாகத் தோன்றாது. ஆயின் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது மக்கள் 'மாரி' என வழங்கும் காலத்தில், பெய்து தீர்ந்துவிடுகின்றது. ஏனைய மாதங்களிற் பந்தல் எனப்படுவது வெயிலுக்கான நிழல்; மாரியிலோ அது நீருக்கெதிரான அரண். ஒரே சொல்லால் வழங்கப்படினும் இவை இரண்டும் அமைப்பில் வேறானவை. வெயிற்பந்தல் தட்டையாக இருக்கலாம். மழைப்பந்தல் தட்டையாக இருத்தல் ஆகாது. பந்தல் தொடர்பான இடர்கள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை மறந்தமையால் விளைந்தனவே.

பழந்தமிழ் இலக்கியத்தில் இரு வகைக்கும் சான்று உண்டு. அகநானூற்றின் 86 ஆம், 136 ஆம் பாடல்களில் வரும் திருமணங்கள் மணல் பரப்பிய பந்தலின் கீழ் நிகழ்கின்றன. சிலப்பதிகாரத்து மணப்பந்தலிலோ நீலத் துகிலாலான விதானம் இடம்பெறுகின்றது. இவை அழகுக்கும் நிழலுக்கும் உரியவை. மழைக்காலத் தற்காலிகக் குடியிருப்பைக் காண வேண்டுமெனில் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டுக்கே செல்லல் வேண்டும். கார்காலத்திற் காட்டை அழித்து அமைத்த பாசறை அதில் விரிவாகப் பேசப்படுகின்றது. படைவீரர் தங்குவன தழை வேய்ந்த கூரைகள். அரசன் தங்குவது சீலைத் திரைகளால் வகுக்கப்பட்ட இடம். நிலத்தில் ஊன்றிய ஈட்டிகளோடு கிடுகுகளை வரிசையாகச் சேர்த்து அரண் அமைத்தமையும் அங்கே கூறப்படுகின்றது. அக்கிடுகு கேடகத்தைக் குறிப்பது. இன்று யாழ்ப்பாணத்திற் கிடுகு என்பது பின்னிய தென்னோலை. அது வேலியாகவும் கூரையாகவும் பயன்படுகின்றது. வரிசையாக நிறுத்தி மறைப்பாக்கும் பொருள் என்ற அளவில் இரண்டுக்கும் உறவு தெரிகின்றது. அப்பாட்டிற் கூரைகளைச் சார்ந்து வரும் 'ஒழுகிய' என்னும் சொல்லுக்கு வரிசையாய் அமைந்த என்பதே பொருள். மழைக்கால ஓலைக்கூரையின் கீழ் உறங்கிய அனுபவமுடைய மாணவர் எவரும் அதனை வேறுவிதமாகப் பொருள்கொள்ளின் அவரைக் குறைகூற முடியாது.

கிடுகு ஆக்கப்படும் முறை யாவரும் அறிந்ததெனினும் இங்கு குறிப்பிடல் வேண்டும். தென்னோலையை நீரில் ஊறவிட்டு, நடுமட்டையை நீளவாக்கிற் பிளந்து, ஒவ்வொரு பாதியின் ஓலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறிப் பின்னுவர். பின்னுபவர் பெரும்பாலும் பெண்கள். ஊறுதல் போதாதாயின் ஓலை பின்னும்போது முறியும். மிகுந்தால் விரைவில் உக்கும். கூரை வேய்பவர் தாவாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கிச் செல்வார். மேல்வரிசை கீழ்வரிசையின் மீது கணிசமான அளவு படிந்திருத்தல் வேண்டும். கிடுகின் ஓர் ஓலை நீரைத் தடுப்பதில்லை. அடுத்த ஓலைக்கு அதனைக் கையளிக்கின்றது. அவ்வாறு கையளிக்கப்பட்ட நீர் உள்ளே இறங்குவதற்கு முன் தாவாரத்தை அடைந்துவிடுமாயின் கூரை ஒழுகாது. ஆகவே சரிவே கூரையின் உயிர்நிலை. அளவுகோலின்றிக் கண்ணாற் கண்டு கப்புகளின் உயரத்தை நிர்ணயிக்கும் தொழிலாளி நீரின் வேகத்தையே கணிக்கின்றார் எனலாம். ஓலையின் தன்மையும் அவருக்குத் தெரிந்திருக்கும்: பனையோலை தென்னோலையிலும் நெடுநாள் நிற்கும், ஆனால் ஓரிரு நாளைக்கான பந்தலுக்கு இலகுவில் விரித்துக் கட்டிப் பின் அவிழ்த்தெடுக்கத்தக்க கிடுகே வாய்ப்பானது. பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர் கிடுகு வேலிக்குச் செல்லும்; உக்கியது தோட்டத்துக்குப் பசளையாகும்.

இவ்வாறு மழையைத் தடுத்த கூரைக்குக் கீழே இன்னொரு கூரையும் யாழ்ப்பாணத்துப் பந்தலில் இருந்தது. அதுவே சலவைத் தொழிலாளர் கட்டும் வெள்ளை. கட்டாடியார் என அழைக்கப்பட்ட அவர்கள் தூய வெள்ளைத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பந்தலின் உட்புறத்தில் விதானமாகக் கட்டுவர். திருமணத்துக்கும் இழவுக்கும் இது கட்டாயமான மரியாதை. ஓலையிலிருந்து விழும் தூசியையும் பூச்சியையும் துணி தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் முதன்மையான பயன் அதுவன்று. எவர் வீட்டில் வெள்ளை கட்டலாம், எவர் வீட்டிற் கட்டலாகாது என்பதைச் சாதியொழுங்கே நிர்ணயித்தது. துணியை உடையவனும் கட்டுபவனும் தொழிலாளி; அதனால் உயர்வு பெற்றவனோ அதன் கீழ் அமர்ந்தவன். மழைநீர் ஒரு துளியையேனும் தடுக்கவியலாத துணி மதிப்பின் சின்னமாக விளங்க, மழையைத் தடுத்த கிடுகு எவர் கண்ணுக்கும் படாது மேலே கிடந்தது. யாழ்ப்பாணச் சமூகம் உழைப்பையும் மதிப்பையும் எவ்வாறு பிரித்து வைத்தது என்பதற்கு இதனிலும் தெளிவான காட்சி வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. கூரை ஒழுகிய நாளில் மட்டுமே மேலே கிடந்த கிடுகு நினைவுகூரப்பட்டது. நனைந்த வெள்ளைத் துணி வயிறுபோல் தொங்கத் தொடங்கியதும், அதனை ஒரு கோலால் மெல்ல உயர்த்தி நீரை ஓரத்துக்குத் தள்ள முனையாத பந்தலைக் கரவெட்டியில் எந்த மாரியிலும் காணமுடிந்ததில்லை.

திருமணத்துக்கு நாள் பார்க்கலாம். மழை தணியும் மாதத்தைத் தெரிந்துகொள்ளலாம். இழவு மாதம் பார்ப்பதில்லை. எனவே மழைப்பந்தலின் உண்மையான சோதனைக்களம் இழவு வீடே. ஒருவர் இறந்த செய்தி பரவிய ஒரு சில மணித்தியாலங்களுள் முற்றத்தை மறைத்தாக வேண்டும். அயலவர் தத்தம் வேலியடைப்புக்கென வைத்திருந்த கிடுகுக் கட்டுகளைக் கேளாமலே கொண்டுவந்து சேர்ப்பர். அலவாங்கால் குழி தோண்டிக் கப்பு நாட்டுவர். (அலவாங்கு என்னும் சொல் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது; கோட்டைகளிலும் பார்க்க இச்சொல்லே நமக்கு அதிகம் பயன்பட்டுள்ளது.) கரவெட்டியில் ஓரிடத்தில் மண் ஆழமாக இருக்கும், சில பாகம் தள்ளிச் சுண்ணக்கல் அலவாங்கைத் திருப்பியனுப்பும். அவ்வாறான இடத்திற் கப்பை நாட்டமுடியாது. கற்களை அடுக்கி இறுக்கி நிறுத்தல் வேண்டும். இவற்றுள் எல்லாம் முதற்செய்ய வேண்டிய வேலை, பந்தலைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, தாவாரத்து நீரை வளவின் தாழ்ந்த பக்கத்துக்குத் திருப்புதலாகும். மேலிருந்து வரும் நீரைப் பற்றி எவரும் நினைப்பர். நிலத்தின் வழியே வரும் நீரைப் பற்றி முன்னரே நினைப்பவரே பந்தல் அறிந்தவர்.

நிலையாக நாட்டப்படும் பந்தலோடு, வழியிற் கூடவே செல்லும் கூரையொன்றும் வடமராட்சியில் வழங்கியது. கூடார வண்டிலே அது. வளைத்த சட்டங்களின் மேல் ஓலைப்பாயைப் பொருத்தி அமைத்த இக்கூடாரத்தோடு குடும்பங்கள் வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கும் செல்வச்சந்நிதிக்கும் சென்று தங்கின. வல்லிபுரத்துத் தீர்த்தோற்சவம் புரட்டாதிப் பூரணையில், கடலில் நிகழ்வது. மாரி முற்றாகத் தொடங்காத அக்காலத்திற் பகல் முழுவதும் வெயிலெறித்து, மாலையில் இடியோடும் காற்றோடும் மழை இறங்குதல் இயல்பு. மாட்டை அவிழ்த்து வண்டிலை முட்டுக்கொடுத்து நிறுத்தியபின், கூடாரத்தின் விளிம்பிலிருந்து ஒரு பாயை இழுத்து மரக்கிளையோடோ நட்ட தடியோடோ கட்டி, அதன்கீழ் அடுப்பு மூட்டுவர் என முதியோர் கூறுவர். இன்று மேனாட்டார் தாம் விடுமுறையிற் செல்லும் வீட்டுவண்டிகளின் பக்கத்தில் விரித்துக்கொள்ளும் சீலைத் தாழ்வாரத்தின் அமைப்பும் இதுவே. அங்கே தோன்றும் இடர்களும் இவையே. முதலாவது இடர் இணைப்பில் உண்டு. பாயின் மேல்விளிம்பு கூடாரத்து விளிம்பின் கீழே நுழைந்திருந்தால், கூடாரத்து நீர் பாயின்மீது இறங்கி அப்பாற் செல்லும். மேலே போட்டுக் கட்டினால் நீர் பின்புறமாக ஊடுருவிச் சமைப்பவர் முதுகில் இறங்கும். இரண்டாவது இடர் மணல். வல்லிபுரத்து மணலில் முளை நில்லாது. ஒரு மரத்துண்டைக் கிடையாகப் புதைத்து அதன் நடுவே கயிற்றைக் கட்டி மணலை மிதித்து மூடினாலே காற்றைத் தாங்கும். மூன்றாவது, தாழ்வாரத்தின் வெளிக்கால்கள் இரண்டையும் ஒரே உயரத்தில் நிறுத்தும் ஆசை. பார்வைக்கு அழகாக இருக்கும். மழை வந்ததும் நடுவே குளமாகும். ஒரு காலைத் தாழ்த்திவிடுவதே அறிவுடைமை.

தறப்பாள் இச்சூழலுக்குள் எப்பொழுது புகுந்தது? சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கும் அது கப்பலோட்டிகள் தார் பூசிப் பயன்படுத்திய சீலையைக் குறித்துப் பிறந்தது. தமிழிலும் பாய் என்னும் ஒரே சொல் படுக்கும் பாயையும் கப்பற்பாயையும் குறிப்பது கவனிக்கத்தக்கது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி' போன்ற பாய்க்கப்பல்கள் கரவெட்டிக்கு அண்மையிலேயே உருவாயின. எனினும் உள்ளூர்க் கமக்காரன் தறப்பாளைக் கப்பலோடன்றி லொறியோடு சேர்த்தே அறிந்தான் எனக் கருத இடமுண்டு. 1970 களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் தென்னிலங்கைச் சந்தையில் நல்ல விலை பெற்றபோது, மூட்டைகளை மூடிச்சென்ற தடித்த பச்சைச் சீலையே அவன் கண்ட தறப்பாள். அது பருத்தியாலானது. நனைந்ததும் அதன் இழைகள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். ஆயின் உட்புறத்தில் விரல் பட்ட இடத்தில் நீர் கசியத் தொடங்கும். பருத்தி, சணல் முதலிய கயிறுகளும் நனைந்தாற் பருத்து நீளங்குறுகும். இரவில் மழை பெய்யும்போது முளையைப் பிடுங்கிவிடும். ஆதலின் அவற்றைச் சற்றுத் தளர்த்திக் கட்டுதல் வேண்டும். பின்னர் வந்த நைலோன் கயிற்றின் இயல்பு நேர்மாறானது. நனைந்தால் அது தளரும். மழை தொடங்கியபின் மீண்டும் இறுக்குதல் வேண்டும். பழைய கயிற்றிற் பழகிய கை புதிய கயிற்றிற் பிழை விடுவது இதனாலேயே.

1933 இல் இங்கிலாந்தின் ஆய்வுகூடமொன்றிற் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொலித்தீன், சில தசாப்தங்களுள் தறப்பாள் என்னும் பெயரையே தனதாக்கிக்கொண்டது. இது கிடுகைப்போல் நீரைக் கையளிப்பதன்று; முற்றாகத் தடுப்பது. அதனாலேயே புதியதொரு இடர் தோன்றியது. கிடுகுக் கூரை சரியாக அமையாவிடின் ஒழுகும், ஒழுகினும் விழாது. தறப்பாளோ ஒழுகாது நீரைத் தேக்கிக்கொள்ளும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால் அதன் நிறை 100 கிலோகிராம். நான்கு மீற்றருக்கு ஐந்து மீற்றர் அளவான விரிப்பின் மீது 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் விழும் நீர் 1,000 லீற்றர். மாரியில் ஒரே இரவில் இவ்வளவு மழை பெய்தல் அரிதன்று. சரிவில்லாது கட்டப்பட்ட தறப்பாள் நள்ளிரவிற் கப்போடு சாய்ந்து உறங்குவோர் மீது விழுவதன் காரணம் இதுவே.

இக்கணக்கு ஏட்டுக் கணக்காக நிற்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கும் அங்கிருந்து வடமராட்சிக்கும் சென்றபோது மாரி தொடங்கியிருந்தது. அன்றிரவு மழையும் பெய்தது. பல இலட்சம் மக்கள் ஒரே தெருவில் அடி அடியாக நகர்ந்த அவ்விரவில், தலைக்கு மேல் எதையேனும் பிடித்துச் சென்றவர் பேறுபெற்றவராயினர். கரவெட்டி உட்பட வடமராட்சிக் கிராமங்களிற் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிரம்பியபின், வளவுகளில் மரங்களுக்கிடையே கொட்டில்கள் எழுந்தன. வங்கியில் வேலை பார்த்தவரும் ஆசிரியரும் கடைக்காரரும் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கப்பு நாட்டிக் கயிறு கட்டினர். கிடுகு பின்னவும் வேயவும் தெரிந்தவர் அருகிலிருந்த கொட்டில்கள் நின்றன. தட்டையாக விரித்துக் கட்டியவை முதற் பெருமழையிலேயே சரிந்தன. நூற்றாண்டுக் கணக்காக இழிந்ததெனக் கருதப்பட்ட தொழிலறிவை நாடி, அதனை இழிவாகக் கருதியோரே செல்லவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டின் ஏப்பிரல் மாதத்தையொட்டி மக்களுட் பெரும்பாலோர் வலிகாமத்துக்குத் திரும்பினர். திரும்பியபின் அக்கடன் எத்தனை பேரால் நினைவுகூரப்பட்டது என்பது வேறு வினா.

2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையும் மாரிக்குள்ளேயே வந்தது. வடமராட்சிக் கிழக்குக் கரையோர மக்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்து கூடாரங்களில் வாழ்ந்தனர். கடற்றொழிலாளராகிய அவர்களுக்குக் கயிறும் முடிச்சும் புதியனவல்ல. இதனிலும் கொடிய சோதனை 2009 இல் நேர்ந்தது. வன்னிப் போரின் முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அடைத்துவைக்கப்பட்ட முகாம்களுட் பெரியதான செட்டிகுளம் மெனிக் பாம், காடு வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தில் வரிசை வரிசையாக அமைக்கப்பட்டிருந்தது. ஓகஸ்ட் நடுப்பகுதியில், மாரிக்கு முன்னரே, பெய்த மழையிற் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலகூடக் குழிகளின் நீரும் அதனோடு கலந்தது. அங்கே விரிப்புக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம் முதலிய நிறுவனங்கள் அவற்றை வழங்கியிருந்தன. இழவுப் பந்தலுக்குக்கூட முதலில் வெட்டப்படும் வாய்க்கால், ஒரு நகரளவு மக்கள் வாழ்ந்த இடத்திற் போதிய அளவில் வெட்டப்பட்டிருக்கவில்லை. நிலத்தைத் தாமே தெரியவும், கூடாரத்தை இடம்மாற்றவும், வேலிக்கு வெளியே சென்று தடி வெட்டிவரவும் அம்மக்களுக்கு உரிமையிருக்கவில்லை. அறிவு இருந்தது, அதனைப் பயன்படுத்தும் சுதந்திரம் இருக்கவில்லை. அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

இதனாற் கிடுகுக் காலத்தைப் பொற்காலமென ஏற்றிப் போற்றுதல் தவறாகும். கிடுகுக்கு ஆண்டுதோறும் உழைப்பு வேண்டும், கறையான் அரிக்கும், தீப்பிடிக்கும். சம ஆசனம் வழங்கப்பட்டதை எதிர்த்து 1929-30 காலப்பகுதியில் யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டமையும், சாதிக் கலவரங்களில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடிசைகளுக்குத் தீயிடப்பட்டமையும் நாமறிந்தவை. ஓலைக் கூரையை வேயத் தெரிந்தவனே ஓலைக் கூரையால் முதலில் இழப்பவனுமாயினான். கரவெட்டியின் ஒரு பகுதியான கன்பொல்லை 1960 களின் பிற்பகுதியில் நிகழ்ந்த தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களில் முன்னின்ற ஊர். அங்கிருந்தவர்களுக்கு ஓட்டுக்கூரை ஆடம்பரமாகத் தோன்றியிராது. பந்தல் தொழில் சாதிக் கடமை என்னும் நிலையிலிருந்து விடுபட்டுக் கூலிக்குச் செய்யும் தொழிலாக மாறியமையை, அதனால் நுட்பம் சிலவற்றை இழந்தோமெனினும், வரவேற்கவே வேண்டும்.

இன்று கரவெட்டியில் இழவு வீட்டுக்கு வருவது வாடகைப் பந்தல். இரும்புக் குழாய்களைப் பொருத்தி, மேலே தகரத்தையோ தறப்பாளையோ இட்டு, ஒரு மணித்தியாலத்தில் அமைத்துவிடுகின்றனர். குழி தோண்ட வேண்டியதில்லை. குழாய்கள் சரிவோடே செய்யப்பட்டிருப்பதால் ஒரு காலைத் தாழ்த்தவும் வேண்டியதில்லை. தகரத்தின்மேல் மாரிமழை விழும் ஓசையில் தேவாரம் ஓதுபவரின் குரல் கேட்பதில்லை என்பது ஒரு குறை. இரண்டு பந்தல்களை அருகருகே நிறுத்துமிடத்து அவற்றின் தாவாரங்கள் சந்திக்கும் இடைவெளியில் நீர் அருவியாக இறங்கும். அதற்குப் பிளந்த பனங்குற்றியாற் செய்த பீலியை இட்ட காலம் போய், இப்போது ஒரு தறப்பாள் துண்டைத் தொட்டிபோற் கட்டித் தொங்கவிடுகின்றனர். சென்ற மாரியில் நான் கண்ட ஓர் இழவு வீட்டில் அத்தொட்டி நிரம்பி, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் எழுந்து ஒதுங்கவேண்டி வந்தது. பந்தற்காரர் சென்றுவிட்டார். அயலிலிருந்து முதியவள் ஒருத்தி, தம் காலத்திற் கிடுகு பின்னிப் பிழைத்தவர், ஒரு பொடியனைக் கூப்பிட்டுத் தொட்டியின் ஒரு முனைக் கயிற்றை ஒரு சாண் இறக்கிக் கட்டும்படி கூறினார். நீர் வேலிப் பக்கமாக ஓடத் தொடங்கிற்று.